நோர்வேயிலை ஹலிபட் பிடிக்கப் போறது: எந்தக் கரை, எந்த மாசம், எத்தினை கிலோ?

தை 14, 2023 (சுவிஸிலிருந்து ஒரு வாசகரின்ரை கேள்வி)

"அண்ணை, நானும் மச்சானும் அவற்றை இரண்டு பெடியளும் இந்தக் கோடைக்கு ஹலிபட் எண்ட பெரிய தட்டை மீன் பிடிக்கப் போவம் எண்டு நிக்கிறம். அலாஸ்காவோ நோர்வேயோ எண்டு இன்னும் முடிவில்லை. நூறு கிலோவிலை ஒரு மீன் பிடிச்சுக் கொண்டு வந்தால் என்ரை ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மீன் வாங்கத் தேவையில்லை எண்டு மனிசி சொல்லுறா. நாலு பேரும் ஏரியிலை தூண்டில் போட்ட ஆக்கள், கடல் பழக்கம் இல்லை. எங்கையிருந்து துவங்கிறது?"

தை 14, இரவு

நூறு கிலோவை முதலிலை மறவுங்கோ. நக்கலுக்குச் சொல்லேல்லை. 2017 இலை இருந்து நோர்வேயிலை 2 மீட்டருக்கு மேலை நீளமான ஹலிபட்டைத் திருப்பிக் கடலிலை விடவேணும். நீளத்தை வைச்சு நிறை பாக்கிற அட்டவணை ஒண்டு மீன்பிடி விடுதியளிலை சுவரிலை ஒட்டியிருக்கும். 1 மீட்டர் மீன் பதினொண்டு பன்னிரண்டு கிலோ, 1.2 மீட்டர் கிட்டத்தட்ட 20, ஒண்டரை மீட்டர் 40 ஐத் தாண்டும், 2 மீட்டர் நூறைத் தாண்டும். அப்ப உங்கட நூறு கிலோ சரியாச் சட்டத்தின்ரை விளிம்பிலை நிக்குது. கீழ்ப்பக்கமும் வேலி இருக்கு: 84 சென்ரிமீட்டருக்குக் குறைஞ்சால் அதுவும் கடலுக்குத்தான்.

சட்டத்தை விட்டாலும் அந்த மீன் சட்டிக்கு உதவாது. அவ்வளவு பெரிய ஹலிபட் அனேகமாப் பெட்டையாத்தான் இருக்கும், ஆண் அந்தளவுக்கு வளராது. பல வருசம் மற்ற மீன்களைத் திண்டு வளந்ததாலை பாதரசமும் டயொக்சினும் உடம்பிலை சேர்ந்திருக்கும். நோர்வேயின்ரை உணவுப் பாதுகாப்புத் திணைக்களம் பெரிய ஹலிபட்டைச் சாப்பிட வேண்டாம் எண்டு சொல்லுறதும் அதாலைதான்.

ஒரு மீட்டருக்கும் ஒண்டரை மீட்டருக்கும் இடையிலை ஆளுக்கு ஒரு மீன். இதை மனசிலை வைச்சுத் திட்டம் போடுங்கோ. அதைவிடப் பெரிசு வந்தால் படம் எடுத்துப்போட்டுத் திருப்பிக் கடலிலை விடுறது.

தை 15

அலாஸ்காவோ நோர்வேயோ? இரண்டும் ஒரே மீனும் இல்லை. அங்கை பசுபிக் ஹலிபட், இங்கை அத்திலாந்திக் ஹலிபட். பாக்கிறதுக்குச் சகோதரங்கள் போலை, கண் இரண்டும் வலப்பக்கம். தூண்டிலிலை பிடிச்ச பசுபிக் ஹலிபட் உலகச் சாதனை 459 இறாத்தல், 1996 இலை அலாஸ்காவின்ரை டச் ஹார்பர் பக்கம் பிடிச்சது.

அலாஸ்காவிலை, முக்கியமா ஹோமர் போன்ற ஊர்களிலை, வழக்கமா நீங்கள் ஒரு கப்பித்தானின்ரை போட்டிலை ஏறிப் போறது. இடம் அவருக்குத் தெரியும், இரை அவர் குத்தித் தருவார், நீங்கள் சுத்தி இழுத்தால் காணும். ஒரு நாளைக்கு எத்தினை மீன், எந்த அளவு எண்டு வருசா வருசம் மாறும். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 1923 இலை துவக்கின ஹலிபட் ஆணைக்குழு ஒண்டு இருக்கு, மொத்தக் கணக்கு அங்கையிருந்துதான் வருது. சில பகுதியளிலை கிழமையிலை சில நாள் வாடகைப் போட்டுகளுக்கு ஹலிபட் பிடிக்கத் தடை, அந்த நாளிலை போய் இறங்கினால் கரையிலை நிண்டு பாக்கவேண்டியதுதான்.

நோர்வேயிலை வள்ளத்தைத் திறப்போடை உங்கட கையிலை தந்துவிடுவினம். கப்பித்தான் நீங்கள்தான். அதாலை மலிவு, அதாலைதான் ஆபத்தும். கடல் பழக்கம் இல்லாத நாலு பேர் எண்டால் அலாஸ்கா எண்டு சொல்லத்தான் வாய் வருது, ஆனால் சுவிஸிலை இருந்து போற பயணச்செலவைப் பாருங்கோ. நோர்வேக்குப் போங்கோ, முதல் நாள் வழிகாட்டி ஒருத்தரை வள்ளத்திலை ஏத்துங்கோ. மீன்பிடி ஊர்களிலை அப்பிடி ஆக்கள் இருக்கினம்.

தை 15, பின்னேரம்

"ஆளுக்கு 15 கிலோவும் அதுக்கு மேலை ஒரு பெரிய மீனும் கொண்டு வரலாம்" எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். அது பழைய கதை. 2021 தை 1 இலை வந்து, நான் இதை எழுதேக்கை (2023) இருந்த விதி இது: அரசாங்கத்திலை பதிஞ்ச மீன்பிடி விடுதியிலை தங்கிப் பிடிச்சால் ஆளுக்கு 18 கிலோ, வருசத்துக்கு இரண்டு தரம். விடுதி பதியேல்லை எண்டால் கடல்மீன் ஒரு துண்டும் எல்லை தாண்டேலாது. பெரிய மீனுக்குத் தனிச்சலுகை இப்ப இல்லை. பதிவு இருக்கோ எண்டு காசு கட்டமுதல் கேளுங்கோ, கடிதமும் வாங்குங்கோ. விதி மாறிக்கொண்டிருக்கிறதாலை போறதுக்கு முதல் கிழமை நோர்வே மீன்பிடித் திணைக்களத்தின்ரை இணையத்தளத்தை ஒருக்காப் பாருங்கோ.

வெளிநாட்டு ஆக்கள் வலை போடேலாது, கூடு போடேலாது, நெடுந்தூண்டில் போடேலாது. கையிலை பிடிக்கிற தூண்டில் மட்டும்தான். பிடிச்சதை விக்கவும் ஏலாது.

தை 22

இடம். இதுதான் பெரிய கேள்வி, ஆனால் எல்லாரும் பிழையான பக்கத்தாலைதான் கேக்கினம். "எங்கை பெரிய மீன் இருக்கு?" எண்டு கேட்டால் எல்லாரும் சோரோயா எண்டுதான் சொல்லுவினம். நோர்வேயின்ரை வடகோடி மாகாணமான பின்மார்க்கின்ரை மேற்குக் கரையிலை இருக்கிற தீவு, ஒக்ஸ்ஃபியோர்டிலை இருந்து ஹாஸ்விக்குக்குக் கப்பலிலை போறது. மீன் இருக்கு, பொய் இல்லை. ஆனால் அதின்ரை வெளிப்பக்கம் திறந்த கடல். மேற்கிலையோ வடமேற்கிலையோ இருந்து காத்து அடிச்சால் விடுதி யன்னலுக்குள்ளாலை கடலைப் பாத்துக்கொண்டு காட்ஸ் விளையாடுறதுதான் வேலை. ஒரு கிழமைக்குக் காசு கட்டிப்போட்டு இரண்டு நாள் மட்டும் கடலுக்குப் போன ஆக்களை எனக்குத் தெரியும்.

கேக்கவேண்டிய கேள்வி: "காத்தடிச்சாலும் எங்கை மீன் பிடிக்கலாம்?" விடுதியிலை இருந்து கால் மணித்தியாலத்திலை ஒதுக்கான ஃபியோர்டுக்குள்ளை (மலையளுக்கு நடுவாலை உள்ளுக்குப் போற ஒடுங்கின கடல்) போகேலுமோ, அதுக்குள்ளை மணல் திட்டு இருக்கோ. வடநோர்வேயின்ரை ட்ரொம்சோ நகரத்துக்குக் கிழக்கை லிங்கன் ஃபியோர்ட் அப்பிடியான இடம். உள்ளுக்கையும் ஹலிபட் இருக்கு, கொட் மீனும் இருக்கு. ஹவொய்சுண்ட் பக்கம் தீவுகள் கனக்க, ஒண்டின்ரை மறைவிலை இல்லாட்டி மற்றதின்ரை மறைவிலை நிக்கலாம்.

பூடோவுக்குப் பக்கத்திலை சால்ட்ஸ்ட்ரௌமன் எண்டு உலகத்திலேயே வேகமான நீரோட்டம் எண்டு பேர் எடுத்த இடம் இருக்கு. அங்கையும் ஹலிபட் பிடிபடும். புதுசாப் போற ஆக்கள் அதைப் பாலத்திலை நிண்டு பாருங்கோ, காணும்.

மாசி 3

மாசம் கேட்டீங்கள். ஆனி நல்லது. வடக்கிலை வைகாசி நடுவிலை இருந்து ஆடி முடியும் மட்டும் சூரியன் மறையாது, காத்து விழுற நேரம் விடியப்புறம் இரண்டு மணியெண்டாலும் வெளிக்கிடலாம். ஒரு கிழமைப் பயணத்திலை இது பெரிய விசயம்.

மாசி 4

நேற்று எழுதினதுக்குப் பிறகு யோசிச்சன். பள்ளிக்கூட லீவு உங்களுக்கு ஆடியிலைதானே துவங்கும். அப்ப ஆடிக் கடைசி, ஆவணி முதல் கிழமை எண்டு வையுங்கோ. ஹலிபட் மாரியிலை ஆழத்திலை முட்டையிட்டுப்போட்டு, கோடையிலைதான் ஆழம் குறைஞ்ச திட்டுகளுக்குத் தின்ன வரும். ஆவணியிலை மீன் கொழுத்திருக்கும். இருபது முப்பது மீட்டர் ஆழத்திலை பிடிக்கலாம், ஏரித் தூண்டில்காரருக்கு அது கை பழகின ஆழம். ஆனியைவிட இது திறம் எண்டுதான் இப்ப நினைக்கிறன்.

கடல்நீர் அப்பவும் பத்துப் பாகைக்குக் கிட்டத்தான் நிக்கும். குளிக்கிற யோசினை இருந்தால் விடுங்கோ.

மாசி 5

"வாடைக்காத்தோ சோளகமோ பாக்கிறது?" எண்டு கேட்ட பருத்தித்துறை அண்ணைக்கு: அங்கை எல்லாக் காத்தும் வாடைதான்.

மாசி 19

வள்ளம். அலுமினியத்திலை பத்தொன்பது இருபத்திரண்டு அடி, மூடின கூடு ஒண்டோடை இருந்தால் நாலு பேருக்குச் சரி. 1980 தை 1 இலையோ அதுக்குப் பிறகோ பிறந்த ஆக்கள் 8 மீட்டருக்கு மேற்பட்ட வள்ளமோ 25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட எஞ்சினோ ஓட்டவேணுமெண்டால் லைசென்ஸ் வேணும். ஐசிசி எண்ட சர்வதேசச் சான்றிதழ் செல்லும். உங்களுக்கு ஐம்பது எண்டால் நீங்கள் தப்பினீங்கள், பெடியள் தப்பேல்லை. அதுக்காக ஒண்டும் தெரியாமல் ஏறாதேங்கோ. 8 மீட்டருக்குக் குறைஞ்ச வள்ளம் ஓடேக்கை வெளியிலை நிக்கிற எல்லாருக்கும் மிதவை அங்கி கட்டாயம். கம்பியூட்டர் வரைபடமும் ஆழம் பாக்கிற கருவியும் ஒரே திரையிலை இருக்கோ, எந்த வருசத்துக் கருவி எண்டும் கேளுங்கோ.

விடுதிக்காரரிட்டை இன்னும் ஒரு கேள்வி, இதை நான் பட்டு அறிஞ்சது: "உறைபெட்டி எத்தினை பேருக்குப் பொது?" ஒரு இடத்திலை (பேர் வேண்டாம்) நாலு குடும்பத்துக்கு ஒரு பெட்டி. அதுவும் அரைவாசிதான் குளிர்ந்தது. மூண்டாம் நாள் மணம் வரத் துவங்க, ஜேர்மன்காரர் எங்களைப் பாக்கிறார், நாங்கள் போலந்துக்காரரைப் பாக்கிறம். முதலாளி ஆளையே காணேல்லை.

காத்து விசயம் திரும்பவும். நோர்வே வானிலை நிலையமும் அரச வானொலியும் சேர்ந்து நடத்துற 'யர்' எண்ட தளத்திலை மணித்தியாலக் கணக்கிலை பாக்கலாம். செக்கனுக்கு 7, 8 மீட்டருக்கு மேலை எண்டால் திறந்த கடலுக்குப் போகாதேங்கோ. காத்து ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப் பக்கமும் எண்டால் அதைவிடக் குறைஞ்ச காத்துக்கே அலை நிமிர்ந்து நிக்கும். ஆபத்தெண்டால் வானொலி அலைவரிசை 16, ஃபோன் எண்டால் 120, கரையோர வானொலிக்குப் போகும்.

பங்குனி 4

சாமான். கடையிலை நிண்டு காசைக் கொட்டாதேங்கோ, இரண்டு கம்பு ஆளுக்குக் காணும்.

ரப்பர் மீன்தான் அரசன். ஒரு சாண், ஒண்டரைச் சாண் நீளம், 150 கிராமிலை இருந்து 300 கிராம் வரைக்கும் ஈயத்தலை. பின்னின நூல் 0.28 மில்லிமீட்டர் போலை, நுனியிலை 1 மில்லிமீட்டருக்குக் குறையாத தங்கூசி இரண்டு மூண்டு மீட்டர். ஏனெண்டால் ஹலிபட் வாய்க்குள்ளை ஊசிப் பல்லு, உடம்பைச் சுத்தினால் நூல் தேயும். நிறம் பற்றி ஆளுக்கொரு வேதம். நான் வெள்ளையும் கறுப்பும் கொண்டு போறன்.

எஞ்சினை நிப்பாட்டி, காத்தும் நீரோட்டமும் வள்ளத்தை மணல் திட்டுக்கு மேலாலை கொண்டு போக விடவேணும். ரப்பர் மீன் அடியிலை தட்டுப்பட, ஒண்டு இரண்டு மீட்டர் தூக்கி, மெதுவா இறக்கவேணும். நீரோட்டம் செத்துக் கிடக்கிற நேரம் ஹலிபட்டும் சோம்பிக் கிடக்கும். வத்து முடிஞ்சு பெருக்குத் துவங்கிற நேரத்தைக் கடல்மட்ட அட்டவணையிலை பாத்து எழுதி வையுங்கோ. பறுவம், அமாவாசையை ஒட்டின நாளிலை ஓட்டம் கூட.

கடி எப்பிடி இருக்கும் எண்டு பெடியள் கேப்பினம். சில நேரம் ஒரு குத்து. சில நேரம் ரப்பர் மீன் விழுந்துகொண்டிருக்கும், அடி தட்ட இன்னும் பத்து மீட்டர் இருக்க நூல் தளர்ந்து நிக்கும். அப்ப யோசிக்காமல் சுத்திக்கொண்டு தூக்குங்கோ. முதலிலை ஒண்டும் செய்யாது. தண்ணிக்குள்ளை கிடக்கிற கதவுப் பலகையைத் தூக்கிற மாதிரிப் பாரமா, சத்தமில்லாமல் மேலை வரும். சின்ன மீன்தான் எண்டு மச்சான் சொல்லுவார். ஆறு ஏழு மீட்டருக்கு வந்து வள்ளத்தின்ரை அடியைக் காணும், மண்ணிற முதுகு ஒருக்காத் திரும்பி வெள்ளை வயிறு மின்னும். அதோடை நேரை கீழை. அந்த ஓட்டத்திலை பிரேக்கை இறுக்கினவர் மீனையும் காணார், சில நேரம் கம்பையும் காணார். ஓட விடவேணும். இரண்டு மூண்டு ஓட்டத்துக்குப் பிறகுதான் கதைக்கலாம்.

உயிர் இரை போடுறதெண்டால் சின்ன சீலக்ஸ் மீன் (கொட் மீனின்ரை இனம்), வட்டத் தூண்டில் முள்ளு. வட்ட முள்ளுக்கு வெட்டி இழுக்கக்கூடாது. மீன் தானே கொழுவிக்கொண்டு ஓடும், நீங்கள் பாரம் குடுத்தால் காணும்.

பங்குனி 6

"மேலை கொண்டு வந்தாப் பிறகு?" இதை முன்னமே எழுதியிருக்கலாம், கம்பு விலையைவிட இது முக்கியம்.

உயிரோடை இருக்கிற பெரிய ஹலிபட்டை வள்ளத்துக்குள்ளை ஏத்தக்கூடாது. முழுக்கத் தசை, வாலாலை அடிச்சால் கால் முறியும், சாமான் பறக்கும். வைச்சிருக்கப் போற மீனெண்டால் வள்ளத்துக்கு வெளியிலையே கொழுக்கியாலை பிடிச்சு, வாலிலை கயிறு போட்டு, செவுளை வெட்டி இரத்தம் முழுக்கப் போகவிட்டு, அசையாமல் கிடந்தாப் பிறகுதான் உள்ளுக்கை. இரத்தம் போகாத ஹலிபட்டின்ரை தசை சிவத்துப்போகும், சுவையும் கெட்டுப்போகும்.

விடப்போற மீனெண்டால் கொழுக்கி வேண்டாம். தண்ணிக்குள்ளையே நீளம் பாருங்கோ. வள்ளத்தின்ரை பக்கத்திலை ஒண்டரை மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் முன்னமே ரேப் ஒட்டி வைச்சால் பக்கத்திலை கிடத்திப் பாக்கலாம். நீண்ட கைபிடி உள்ள கழட்டியாலை முள்ளை எடுத்துப்போட்டு விடுங்கோ. ஹலிபட்டுக்குக் காத்துப்பை இல்லை. கொட் மீனை ஆழத்திலை இருந்து இழுத்தால் வயிறு ஊதிச் சாகும், ஹலிபட் அப்பிடி இல்லை, விட்ட உடனை நேரை கீழை போகும். எண்பது சென்ரிமீட்டரிலை ஒரு குட்டி வந்தால் "செத்துத்தானே போகும், வைப்பம்" எண்டு சாட்டுச் சொல்ல வழியில்லை.

பங்குனி 12

கதை கொஞ்சம் விலகுது, பறவாயில்லை. "தமிழாக்களுக்கும் வடதுருவத்து மீனுக்கும் என்ன சம்பந்தம்?" எண்டு ஒருத்தர் நக்கலடிச்சிருக்கிறார். தம்பி, என்ரை சித்தப்பா எண்பதுகளிலை நோர்வேயின்ரை மக்கள் உயர்பள்ளி ஒண்டுக்குப் படிக்க எண்டு போனவர், பிறகு பின்மார்க்கிலை மீன் தொழிற்சாலையிலை வேலை. அந்தக் காலத்திலை அந்தக் கரையிலை கனக்கத் தமிழ் ஆக்கள் கத்தியோடை நிண்டவை. கொட் மீன் வெட்டின கை. சித்தப்பா இப்பவும் ஹலிபட் ஒண்டை நாலு துண்டாக் கழட்டுறதைப் பாத்தால் நேரம் போறது தெரியாது: நடுமுள்ளு வழியே ஒரு கோடு, பிறகு முள்ளோடை கத்தியைச் சாய்ச்சு வெளிப்பக்கமா. மேலை இரண்டு, கீழை இரண்டு.

அதுக்கு முன்னமும் இருக்கு. குருநகர் அன்ரனி ராஜேந்திரம் 1956 இலை நோர்வேக்குப் போனவர். அவர் நோர்வேக்காரரோடை சேர்ந்து துவக்கினதுதான் சீநோர் எண்ட மீன்பிடி நிறுவனம், 1967 இலை. காரைநகரிலை வள்ளம் கட்டினது அவையள்தான். எங்கட ஊர் மீன்பிடிக்கு நோர்வேக் காசு அந்த வழியாலை வந்தது. நாங்கள் இப்ப அங்கை தூண்டிலோடை போறம்.

சித்திரை 9

போக்குவரத்து. பறந்தால் ஒஸ்லோ, பிறகு ட்ரொம்சோ அல்லது அல்ட்டா, பிறகு வாடகைக் கார். காரிலை போனால் ஜேர்மனியின்ரை கீல் துறைமுகத்திலை இருந்து ஒஸ்லோவுக்கு ஒரு இரவுக் கப்பல், பிறகு ட்ரொம்சோவுக்கு ரோட்டாலை 1600 கிலோமீட்டருக்கு மேலை. சுவிஸிலை இருந்து எண்டால் முதுகு போயிடும். ஒரு கிழமைப் பயணத்துக்குப் பறவுங்கோ. இரண்டு கிழமை, நாலு சாரதி, உறைபெட்டி வண்டிக்குள்ளை எண்டால்தான் கார் சரி.

செலவிலை ஆக்கள் மறக்கிறது எரிபொருள். வாடகைக்குள்ளை அது இல்லை. மீன் தேடித் தேடி ஓடினால் வாடகையின்ரை கணிசமான பங்கு எஞ்சினுக்குள்ளை போகும். திட்டுக்குக் கிட்ட இருக்கிற விடுதி விலை கூடினாலும் கடைசியிலை மலிவு.

வைகாசி 21

கேள்வி கேட்ட சுவிஸ்காரர் புக் பண்ணிட்டினமாம். லிங்கன் பக்கம், ஆவணி முதல் கிழமை, முதல் நாள் வழிகாட்டி. நல்லது. சோரோயா எண்டு ஆடின மச்சானை எப்பிடி மடக்கினீங்கள் எண்டு தெரியேல்லை.

கணக்கைப் பாருங்கோ: நாலு பேருக்கு 72 கிலோ. வெட்டித் துண்டாக்கினதுக்கும் முழு மீனுக்கும் அதே 18 கிலோதான், அதாலை முள்ளையும் தலையையும் காவுறது மடைத்தனம். 20 கிலோ மீனிலை தசை பத்து பன்னிரண்டு கிலோ தேறும். விமானத்திலை எண்டால் உறைய வைச்சு, பொலித்தீனிலை காத்தெடுத்து, கடுதாசியிலை சுத்தித் தடிச்ச பெட்டிக்குள்ளை இறுக்கி அடுக்கவேணும். இடைவெளி இருந்தால் அதிலைதான் இளகும். உலர்பனிக்கட்டிக்கு விமானக் கொம்பனியிட்டை முதலே அனுமதி கேக்கவேணும். விடுதிக் கடிதம் கைப்பையிலை இருக்கட்டும், பெட்டிக்குள்ளை வேண்டாம்.

தலையை எறியாதேங்கோ எண்டு சொல்ல மறந்திட்டன். காவிக்கொண்டு வாறதுதான் மடைத்தனம், அங்கை தின்னலாம்தானே. கன்னத்திலை இரண்டு பக்கமும் வட்டத்துண்டு இருக்கு, அதைக் கழட்டிப் பொரியுங்கோ. மிச்சத் தலையும் செட்டையோரக் கொழுப்பும் கூழுக்கு. ஒடியல்மா ஒரு பக்கற் பையிலை போட்டுக்கொண்டு போங்கோ, அங்கை கிடையாது. பழப்புளியும் செத்தல் மிளகாயும் அப்பிடித்தான்.

வைகாசி 22

"தோலோடை வெட்டுறதோ, தோல் இல்லாமலோ?" உறைய வைக்கிறதெண்டால் தோலோடை, அப்ப தசை காயாது. குழம்புக்கு உரிச்சுப் போடுங்கோ. வெள்ளை வயிற்றுப்பக்கத்துத் துண்டு மெல்லிசு, அது பொரிக்க. முதுகுப்பக்கத்துத் தடிச்ச துண்டைக் குழம்பிலை கடைசியிலை போட்டு, ஒரு கொதி வர இறக்குங்கோ. நிண்டு கொதிச்சால் சக்கை.